செக் திரும்பி வந்துவிட்டது, "அடுத்த மாதம் போடுங்கள்" என்கிறார். பொறுக்கலாமா?

புங்கமரம்:
வேலை செய்யும் இடத்தில் பழக்கமான ஒருவருக்கு ஒன்றரை லட்சம் கைமாற்றாகக் கொடுத்தேன். பாதி வங்கி வழியாக, மீதி ரொக்கமாக. புரோநோட்டு கிடையாது, அதற்குப் பதில் அவரே தேதி, தொகை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு செக் தந்தார். போட்டேன், கணக்கில் பணம் இல்லை என்று மெமோவோடு திரும்பிவிட்டது. மெமோ கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. போன் செய்தால், "அடுத்த மாதம் மறுபடி போடுங்கள், கண்டிப்பாக இருக்கும்" என்கிறார். தினமும் முகம் பார்க்கும் ஆள், சண்டை வேண்டாம் என்றுதான் யோசிக்கிறேன். பொறுத்தால் ஏதாவது நஷ்டமா?

கடைசிபெஞ்சு:
நேரே ஸ்டேஷனில் புகார் கொடுங்க. கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டினால் மறுநாளே பணம் வந்துவிடும்.

பழைய குமாஸ்தா:
ஸ்டேஷன் வேண்டாம். செக் பவுன்ஸ் என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் வருவது, அதற்குப் புகார் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்தான். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் போலீசுக்கு வேலை, உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பொறுக்கலாமா என்றால், நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பொறுங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும், அதில் பாதி ஏற்கெனவே ஓடிவிட்டது. நோட்டீஸ் அவர் கைக்குப் போன பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதிலும் கட்டவில்லை என்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. அந்த 15 நாள் முடியும் முன்னே அவசரப்பட்டுப் போட்டாலும் நிற்காது. வழக்குப் போடுவதில் தாமதமானால் தகுந்த காரணம் சொல்லிக் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்கலாம், நோட்டீசுக்கு அந்தச் சலுகை கிடையாது.

நோட்டீசில் செக்கில் இருக்கும் தொகையை அப்படியே கேளுங்கள். நிறைய பேர் கோபத்தில் வட்டி, மன உளைச்சல், வக்கீல் செலவு எல்லாம் கூட்டி ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள், பிறகு அந்த நோட்டீசே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். வட்டி வேண்டுமானால் தனி வரியில் எழுதுங்கள். வக்கீல்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் அவரிடம் கொடுப்பது நல்லது. தபாலில் போன ரசீதையும் அவருக்குச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரமாக வையுங்கள். சரியான விலாசத்துக்குப் போனதை அவர் வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நிலா83:
ஒரு சந்தேகம். 30 நாள் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சா?

பழைய குமாஸ்தா:
செக்கில் இருக்கும் தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி போடலாம், மறுபடி திரும்பினால் அங்கிருந்து புதிதாக 30 நாள். அந்த 3 மாதமும் போய்விட்டால் 138 இல்லை, பணத்துக்காக சிவில் வழக்குதான். கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக 3 வருடக் காலவரம்பு.

புங்கமரம்:
நன்றி சார். இன்று பேசினேன், ஐம்பதாயிரம் உடனே தருகிறேன், மீதிக்கு அதே செக்கை அடுத்த மாதம் போடுங்கள் என்கிறார். வாங்கலாமா? ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு ஆதாரம் இல்லையே, அதுவும் பயமாக இருக்கிறது.

பழைய குமாஸ்தா:
பணம் வந்தால் வாங்குங்கள், ஆனால் அதே செக்கை மட்டும் முழுத் தொகைக்குப் போடாதீர்கள். இடையில் ஒரு பகுதி கட்டிய பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுசாகப் போட்டால் 138 பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மீதி ஒரு லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குங்கள், கூடவே "இவ்வளவு வாங்கினேன், இவ்வளவு கட்டினேன், இவ்வளவு பாக்கி" என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள். ரொக்கத்துக்கும் அதுதான் ஆதாரமாகிவிடும். கையெழுத்துத் தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டால், செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் உங்கள் பக்கம் அனுமானிக்கும், இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

புதுச் செக் கையில் வரும்வரை பழைய செக்கையும் மெமோவையும் விடாதீர்கள். நோட்டீஸ் கெடு நெருங்கும்வரை இழுத்தால் பேச்சை நம்பாமல் அனுப்பிவிடுங்கள், அனுப்பிய பிறகும் சமாதானம் பேசலாம், கோர்ட்டுக்குப் போன பிறகுகூட லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம்.

நிலா83:
வக்கீல் செலவுக்கு யோசிப்பவர்கள் 15100க்கு போன் செய்து பாருங்கள், சட்டப்பணிகள் ஆணையத்தின் எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்குத் தகுதி விதிகள் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள்.

கடைசிபெஞ்சு:
சரி, ஸ்டேஷன் யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். 😄