குரோம் பிளேட்டிங் தொட்டியில் வேலை செய்யும் தம்பிக்கு ஆலோசனை வேண்டும்

வணக்கம். என் தம்பி கோவையில் ஒரு சின்ன குரோம் பிளேட்டிங் பட்டறையில் தொட்டிப் பக்கம் நிற்கிறான். கரண்ட் ஓடும்போது குமிழ்கள் வெடித்து மஞ்சளாகப் புகை மாதிரி கிளம்புகிறது. அது வெறும் ஆவி இல்லை, குரோமிக் ஆசிட் துளிகள். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், மூக்கின் நடுச்சுவரையே ஓட்டை போடும். அமெரிக்காவில் எட்டு மணி நேரச் சராசரிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம்தான் வரம்பு. இவன் கட்டுவதோ துணி மாஸ்க்!

இப்போது அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது. விரல் இடுக்கில் ஆறாத புண், ஓரம் தடித்து நடுவில் குழி விழுந்திருக்கிறது. வலி இல்லை என்பதால் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறான்.

இ.எஸ்.ஐ. இருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே போகலாமா, தொழில்நோய்க்குத் தனியாக மருத்துவர் உண்டா? முதலாளி தன்மையானவர், செலவு கட்டுப்படியானால் செய்வார். தொட்டி விளிம்பில் உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வைக்க எவ்வளவு ஆகும்? புகையை அடக்கும் நுரை மருந்து ஊற்றினால் பளபளப்பு கெடுமா? நச்சு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு மாறிய பட்டறைக்காரர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். 'வேலையை விடச் சொல்' என்று மட்டும் வேண்டாம், அதை வீட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று.