சாற்றில் தெரிந்த செயல் பிரித்தபின் எங்கே போகிறது? சீன மூலிகைச் சேர்மங்கள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (ஆய்வு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். இயற்கைச் சேர்மங்களின் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. சீன மரபு மருத்துவத்தில் பயன்படும் ஹுவாங்லியன் என்னும் மஞ்சள் நிற வேர்த்தண்டும், யுன்னான் மாகாணத்தில் மியாவ், யீ இன மக்கள் பக்கவாதத்துக்குப் பயன்படுத்திவந்த டெங்ஜான்ஹுவா என்னும் சிறு பூச்செடியும் என் ஆய்வுப் பொருள்கள்.

ஹுவாங்லியனை எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு, ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நுண்ணுயிரின் வளர்ச்சியை நன்றாகவே தடுத்தது. அதே சாற்றை சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் ஊற்றிப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தபோது, எந்தப் பகுதியிலும் முழுச் சாற்றின் செயலில் பாதிகூடத் தெரியவில்லை. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தும் இதே முடிவுதான் வந்தது. என் வழிகாட்டி, ஆய்வகத்தில் மேலும் காலம் கழிப்பதைவிடத் தரவுத்தளங்களிலிருந்து சேர்மங்களின் பட்டியலை எடுத்து, எந்தச் சேர்மம் எந்தப் புரதத்தோடு பிணையும் என்று கணினியில் கணித்து, வலையமைப்பு மருந்தியல் கட்டுரையாக எழுதிவிடலாம் என்று கருதுகிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்ல என்னிடம் தகுந்த காரணமும் இல்லை.

காணாமற்போன செயலை எங்கே தேடுவது? பழைய மருத்துவ நூல்களை வேதியியல் படித்த ஒருவர் எந்த அளவுக்கு நம்பி வேலை செய்யலாம்? இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (இயற்கைச் சேர்ம ஆய்வாளர், இருபது ஆண்டு அனுபவம்)

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது.

மலேரியாவுக்கு மருந்து தேடும் '523 திட்டம்' சீனாவில் 1967 மே 23 அன்று தொடங்கியது. மருந்தியல் ஆய்வாளர் தூ யூயூ 1969-இல் அதில் சேர்ந்தார். அவருடைய குழு பழைய நூல்களிலிருந்தும் நாட்டு மருத்துவர்களிடமிருந்தும் ஏறத்தாழ 2,000 குறிப்புகளைத் திரட்டி, அவற்றில் 640-ஐத் தொகுத்து, பின்னர் 200-க்கும் மேற்பட்ட மூலிகைகளிலிருந்து 380-க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து எலிகளில் சோதித்தது. சிங்ஹாவ் என்னும் மூலிகையின் சாறு ஒருமுறை நல்ல பலனைக் காட்டியது, மறுமுறை அந்தப் பலன் வரவில்லை. நீங்கள் இன்று நிற்கும் இடத்துக்கு மிக அருகில்தான் அவர்களும் நின்றிருக்கிறார்கள்.

வழி கிடைத்தது நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டின் ஒரு வரியில். ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் அளவு நீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாறு முழுவதையும் குடிக்கவேண்டும் என்கிறது அது. பிற மூலிகைகளைக் காய்ச்சச் சொல்லும் மரபில் இதை மட்டும் ஏன் பிழியச் சொன்னார்கள் என்று தூ யூயூ யோசித்தார். வெப்பம் அந்தச் செயலைக் கெடுக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்து, 34.6 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாகக் கொண்டார். கிடைத்த சாற்றிலிருந்து நச்சுத்தன்மை மிகுந்த அமிலப் பகுதியைக் களைந்து, நடுநிலைப் பகுதியை வைத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 4 அன்று சோதிக்கப்பட்ட 191-ஆம் எண் மாதிரி எலிகளிடம் காணப்பட்ட ஒட்டுண்ணியை முழுமையாக ஒழித்தது. அடுத்த ஆண்டு ஆர்ட்டிமிசினின் படிகமாகக் கையில் கிடைத்தது. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் பெராக்சைடு பாலம் ஒன்று அதன் மூலக்கூறுக்குள் இருக்கிறது. மருந்தின் செயலுக்கு அந்தப் பாலமே அடிப்படை.

எனவே பழைய நூலை நான் ஒரு செய்முறைப் பதிவாகவே படிக்கிறேன். 'இது இந்த நோயைத் தீர்க்கும்' என்ற கூற்றை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எந்தப் பகுதியை, எந்தப் பருவத்தில் பறித்தார்கள், பச்சையாகவா உலர்த்தியா கொண்டார்கள், நீரிலா மதுவிலா ஊறவைத்தார்கள், எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள் என்ற விவரங்களை மட்டும் ஒரு சொல்கூட விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். டான்ஷென் வேரை நீரில் காய்ச்சினால் சால்வியனோலிக் அமிலங்கள் கிடைக்கும். ஆல்கஹாலில் ஊறவைத்தால் செந்நிற டான்ஷினோன்கள் கிடைக்கும். ஒரே வேரிலிருந்து கரைப்பானைப் பொறுத்து இரண்டு வேறு மருந்துகள் வருகின்றன. ஹுவாங்லியனை நீரில் காய்ச்சிக் கொடுத்த மரபு இருக்க, நீங்கள் எத்தனாலில் தொடங்கியதற்கு வேதியியல் காரணம் ஏதேனும் உண்டா? இருந்தால் அதை எழுதி வையுங்கள். இல்லையென்றால் நீர்ச்சாற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. சீன மருத்துவர்கள் ஹுவாங்லியனை மதுவிலோ இஞ்சிச் சாற்றிலோ பிரட்டி வறுப்பதும் உண்டு. பாவ்ஜ் எனப்படும் இந்தப் பக்குவ முறைகளை வேதியியலாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது. ஃபூட்சு என்னும் நச்சுக் கிழங்கில் உள்ள அகோனிட்டின், நீண்ட நேரம் வேகும்போது முதலில் அசெட்டைல் தொகுதியை இழந்து பென்சாயில் அகோனைனாகவும், பிறகு பென்சாயில் தொகுதியையும் இழந்து அகோனைனாகவும் மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு பெருமளவு குறைகிறது. பக்குவம் முடிந்ததா என்பதை அறிய, நாக்கில் இலேசான மரமரப்பு மட்டுமே மிஞ்சவேண்டும் என்று பழைய பணியாளர்கள் கண்டறிந்த குறிப்பு சீன மருந்துநூலிலும் இடம்பெற்றிருக்கிறது. (தயவுசெய்து நீங்கள் அதைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம், அதற்குத்தான் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி இருக்கிறது.) ஒரு நீராற்பகுப்பு வினை முடியும் இடத்தை நாக்கைக் கொண்டே குறித்திருக்கிறார்கள்.

மறுமொழி 2 (தாவர வகைப்பாட்டாளர்)

குழாய்க்குள் என்ன நடந்தது என்று ஆராயும் முன், குழாய்க்குள் போனது எது என்று உறுதிசெய்துகொண்டீர்களா? ஹுவாங்லியன் என்ற பெயரில் சீன மருந்துநூல் மூன்று இனங்களை ஏற்கிறது: காப்டிஸ் சைனென்சிஸ், காப்டிஸ் டெல்டாய்டியா, காப்டிஸ் டீட்டா. நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மங்களாகிய ஆல்கலாய்டுகளின் விகிதம் மூன்றிலும் ஒன்றல்ல. சிங்ஹாவ் என்ற பெயரிலும் பல செடிகள் வழங்கிவந்தன. ஆர்ட்டிமிசினினைப் போதிய அளவில் தந்தது ஆர்ட்டிமீசியா அன்னுவா மட்டுமே, அதிலும் பூப்பதற்கு முந்தைய இலைகளே. பெய்ஜிங் பகுதியில் விளைந்த செடிகளில் அளவு குறைவாக இருந்ததும், சிச்சுவான் செடிகளில் கூடுதலாக இருந்ததும் அந்தக் குழு பட்டறிந்த உண்மைகள்.

பெயர்க் குழப்பம் ஆராய்ச்சியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் ஃபாங்ஜி என்னும் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவுக்குப் பதிலாக, குவாங் ஃபாங்ஜி என்னும் அரிஸ்டோலோகியா ஃபாங்சி சேர்ந்துவிட்டது. பெயரில் ஓர் அசைதான் கூடுதல். பின்னதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்களைச் சிதைத்தது, அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து சான்று மாதிரி இல்லாத எந்தப் பொடியையும் நான் கையால் தொடுவதில்லை.

எனவே ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு முழுத் துண்டை எடுத்து, பெயர், பறித்த இடம், நாள் ஆகிய குறிப்புகளோடு ஏதேனும் ஓர் உலர்தாவரக் காப்பகத்தில் சேர்த்து, அதன் எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். பொடியாக வாங்கியிருந்தால் டிஎன்ஏ பட்டைக்குறி முறையில் இனத்தை உறுதிசெய்யலாம். டெங்ஜான்ஹுவா விஷயத்தில் இது இன்னும் முக்கியம். எரிஜெரான் பிரெவிஸ்கேப்பஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இன மக்களின் மொழிகளில் ஒரே செடிக்குப் பல பெயர்களும், பல செடிகளுக்கு ஒரே பெயரும் வழங்குவது இயல்பு. சீன எழுத்தில் பதிவாகும்போது குழப்பம் மேலும் கூடுகிறது. அந்த மக்கள் வழங்கும் பெயரையும், சொன்ன ஊரையும் தனியாகக் குறித்துவையுங்கள்.

ஆய்வு மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாங்கிய வேர்த்தண்டு முழுத் துண்டுகளாகவே இருக்கிறது, எனவே இனத்தை உறுதிசெய்ய முடியும். எத்தனாலைத் தேர்ந்ததற்கு 'எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்' என்பதைத் தவிர என்னிடம் காரணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செயல் மறைந்துபோவதைப் பற்றியும் கணினிக் கணிப்பைப் பற்றியும் யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 3 (மருந்தாக்க வேதியியலாளர்)

முதலில் ஒரு கேள்வி. பிரித்து முடித்தபின் உங்கள் சிலிக்கா குழாயின் உச்சியில் மஞ்சள் வளையம் ஒன்று நகராமல் நின்றதா? ஹுவாங்லியனின் முதன்மை ஆல்கலாய்டுகளான பெர்பெரின், காப்டிசின், பால்மட்டின் எல்லாமே நிலையான நேர்மின் சுமை கொண்ட நைட்ரஜனை உடையவை. சாதாரணக் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் அவை சிலிக்காவோடு ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கும். குழாயில் ஊற்றிய சாற்றின் எடையையும், வெளியே வந்த பகுதிகளின் மொத்த எடையையும் ஒப்பிட்டீர்களா? மெல்லடுக்குத் தகட்டில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு புள்ளி வைத்து, 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் பாருங்கள். பெர்பெரின் இருக்கும் இடம் இருட்டில் பளிச்சென்ற மஞ்சளாக ஒளிரும், தவறவிடவே முடியாது. ஒளிர வேண்டியது எந்தப் பகுதியிலும் ஒளிரவில்லையென்றால், உங்கள் செயல் இன்னும் குழாயிலேயே கிடக்கிறது.

எடை சரியாக இருந்து செயல் மட்டும் குறைந்தால், எல்லாப் பகுதிகளையும் பழைய விகிதத்தில் மீண்டும் கலந்து சோதியுங்கள். செயல் திரும்பினால் ஒன்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் சேர்ந்து வேலைசெய்கின்றன என்று பொருள். இது கற்பனையான வாய்ப்பு இல்லை. பெர்பெரினை ஸ்டேஃபிலோகாக்கஸ் தன் உடலிலிருந்து இறைத்து வெளியேற்றிவிடும். பெர்பெரிஸ் குடும்பச் செடிகள் சில, அந்த இறைப்பானை அடைக்கும் 5'-மீத்தாக்சிஹைட்னோகார்ப்பின் என்னும் சேர்மத்தையும் தாமே உருவாக்குகின்றன என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியானது. அந்தச் சேர்மத்துக்குத் தனியாக நுண்ணுயிரைக் கொல்லும் ஆற்றல் இல்லை. தனித்தனியாகச் சோதித்தால் அதை யாரும் குப்பையில்தான் போடுவார்கள். கலந்த பின்னும் செயல் திரும்பாவிட்டால், பிரிக்கும்போது ஏதோ ஒன்று சிதைந்திருக்கும், அல்லது முழுச் சாற்றில் கண்ட செயலே, புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும் டானின்கள் காட்டிய போலித் தோற்றமாக இருந்திருக்கும். பாலிஅமைடு வழியாக டானின்களை நீக்கிவிட்டு முழுச் சாற்றை மறுபடி சோதித்தால் அது தெளிவாகும்.

இனிக் கணினிக் கணிப்புக்கு வருகிறேன். உங்கள் வழிகாட்டியை மறுத்துச் சொல்லக் காரணம் கேட்டீர்கள், ஹுவாங்லியனே அதைத் தருகிறது. சீன மூலிகைச் சேர்மங்களுக்காகப் பலரும் பயன்படுத்தும் டிசிஎம்எஸ்பி தரவுத்தளத்தில், வாய்வழி கிடைப்புத்திறன் (விழுங்கியதில் இரத்தத்தை அடையும் பங்கு) 30 விழுக்காடு, மருந்துத்தன்மை 0.18 என்ற வரம்புகளைத் தாண்டும் சேர்மங்களையே எடுத்துக்கொள்வது வழக்கம். பெர்பெரினுக்கு அங்கே கணிக்கப்பட்ட கிடைப்புத்திறன் 36 விழுக்காட்டுக்கும் மேல். எலிகளில் அளந்து பார்த்தால் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. குடல் நுண்ணுயிர்கள் பெர்பெரினை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றுவதும், அந்த வடிவம் குடற்சுவரில் எளிதாக உறிஞ்சப்பட்டுப் பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்புவதும் ஆய்வகத்தில் வேலைசெய்தவர்கள் கண்டவை. எந்த வரம்பும் இதைச் சொல்லித்தராது. அதே வரம்புகளைக் கொண்டு வடிகட்டிய பட்டியல்களில் எந்த மூலிகையை எடுத்தாலும், பெரும்பாலான செடிகளில் காணப்படும் குவெர்செட்டினும் கெம்ஃபெராலும் தவறாமல் முன்னால் வந்து நிற்கின்றன. எந்த நோய்க்கும் ஒரே விடை தரும் முறை, உண்மையில் எந்தக் கேள்விக்கும் விடை தரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கணினியை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. தெரிந்த சேர்மத்தையே மீண்டும் பிரித்தெடுத்து ஆறு மாதத்தை இழக்காமல் இருக்க, நிறை நிறமாலைத் தரவுகளைக் கணினியில் ஒப்பிடுவது பெரும் உதவி. அளந்தபின் எழும் ஐயங்களைக் கணினியிடம் கேளுங்கள்.

மறுமொழி 4 (இனமருத்துவ ஆய்வாளர்)

டெங்ஜான்ஹுவாவைப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யுன்னானின் மூலிகைகளை மிங் ஆட்சிக் காலத்தில் லான் மாவ் தொகுத்த நூலிலேயே இந்தச் செடி இடம்பெற்றிருக்கிறது. இன்று அதன் முதன்மைச் சேர்மமாகிய ஸ்கூட்டெல்லரின் மருந்தாகவே விற்பனையில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் மியாவ், யீ மக்கள். மரபுவளங்களின் பயனில் அவற்றைக் காத்தவர்களுக்கும் பங்கு வேண்டும் என்னும் நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது, சீனா 2016-இல் அதில் இணைந்தது. செடியை எங்கிருந்து, யார் இசைவோடு பெற்றீர்கள் என்ற பதிவு இப்போதே இருக்கட்டும். கட்டுரை எழுதும் நேரத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

ஆய்வு மாணவி

குழாயை இன்னும் கழுவாமல் வைத்திருந்தேன். உச்சியில் விரற்கடை உயரத்துக்கு மஞ்சள் வளையம் அப்படியே நிற்கிறது. எடையையும் கூட்டிப் பார்த்தேன், ஊற்றியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியே வரவே இல்லை. மூன்று முறையும் இதே தவற்றைத்தான் செய்திருக்கிறேன் என்று புரிகிறது. பெர்பெரினின் கணித்த அளவையும் அளந்த அளவையும் ஒரே தாளில் எழுதி வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நீர்ச்சாற்றோடு தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார். வளையத்தில் இருப்பதை எப்படி மீட்பது?

மறுமொழி 3 (மருந்தாக்க வேதியியலாளர்)

மிக்க மகிழ்ச்சி. சிறிதளவு ஃபார்மிக் அமிலம் சேர்த்த மெத்தனாலை மெதுவாக ஊற்றுங்கள், வளையம் இறங்கத் தொடங்கும். அந்தப் பகுதியைத் தனியாக உலர்த்தி, அமிலம் முழுவதும் நீங்கியதை உறுதிசெய்தபின், முழுச் சாறு, மற்றப் பன்னிரண்டு பகுதிகள், எல்லாம் சேர்ந்த கலவை ஆகியவற்றோடு ஒரே நாளில், ஒரே நுண்ணுயிர் வளர்ப்பிலிருந்து எடுத்துச் சோதியுங்கள். அடுத்த முறை சிலிக்காவை விட்டுவிட்டு எதிர்நிலைக் குழாயிலோ எதிரோட்டப் பிரிப்பிலோ தொடங்குவது நல்லது. நீர்ச்சாறு ஆறும்போது அடியில் கலங்கல் படிந்தால் அதை வடிகட்டி எறிந்துவிடாதீர்கள். ஹுவாங்லியனை ஹுவாங்சின் வேரோடு சேர்த்துக் காய்ச்சும்போது பெர்பெரினும் ஹுவாங்சினில் உள்ள பைக்காலினும் ஒன்றோடொன்று பிணைந்து படிவதை நாம் அறிவோம். தனி ஹுவாங்லியனில் படிவது எது என்பதையும் எடைபோட்டு, கரைத்து, சோதித்துவிட்டுச் சொல்லுங்கள்.