டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்

வெப்சைட் செய்து தருபவர் "டொமைனையும் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) நானே வாங்கிவிடுகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றால் சம்மதிக்காதீர்கள். என் மாமா சம்மதித்தார், அதில் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

மாமாவுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வெளியூர்க் கடைக்காரர்களுக்கு டிசைன் காட்டத்தான் அந்த வெப்சைட், டாட் காம். பில், விசிட்டிங் கார்டு, கொலுசு வைக்கும் டப்பா வரைக்கும் அந்த முகவரிதான் அச்சாகியிருந்தது. தீபாவளி சீசனில், ஆர்டர் வரும் நேரத்தில், சைட் திறக்கவில்லை. பார்த்தால் டொமைன் காலாவதி. செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருக்கிறார், நினைவூட்டல் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது, போனையும் எடுக்கவில்லை. டொமைன் பதிவு நிறுவனத்தில் பணம் கொடுத்த ரசீதைக் காட்டியும், கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

டாட் காம் காலாவதியான அன்றே போய்விடாது. பெரும்பாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய தொகை. அதையும் விட்டால் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், சில நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலம் போட்டுவிடும். அந்தக் கெடுவுக்குள் மாமா ஆளை வீடு தேடிப் போய்ப் பிடித்து, புதுப்பிக்க வைத்து, தன் பெயரில் கணக்கு திறந்து அதற்கு மாற்றிக்கொண்டார்.

இது தெரிந்ததால் மாமா மகள் ஏற்காட்டுக் காபித்தூள் விற்க ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் அவள் பெயரிலேயே செய்தோம். ஏற்காடு இருக்கும் மலையின் பெயரான சேர்வராயன் என்று வைக்க அவளுக்கு ஆசை. ஆனால் ஆங்கிலத்தில் அதை ஷெவராய், ஷெர்வராய், சேர்வராயன் என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள், போனில் கேட்டவர் எதைத் தட்டுவார்? சேலம் என்று மட்டும் வைத்தால் அமெரிக்காவில் ஆரிகனிலும் மாசசூசெட்ஸிலும் உள்ள சேலம்களோடு தேடலில் மோத வேண்டும். கடைசியில் ஏற்காடும் காபியும் சேர்ந்த சின்னப் பெயர், நடுவில் கோடு, எண் எதுவும் கிடையாது. அத்தையிடம் போனில் சொல்லி எழுதச் சொன்னோம், சரியாக எழுதினார், அதையே எடுத்துக்கொண்டோம். டாட் காமோடு டாட் இன் பெயரையும் வாங்கினோம் (டாட் இன் நம் நாட்டு நிக்சி என்ற அமைப்பு நடத்துவது).

வாங்கும்போது முதல் வருட விலையை மட்டும் பார்க்காதீர்கள், ரெனியூவல் விலை பல மடங்கு இருக்கலாம். மெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு லிங்க் வரும், டாட் காமுக்கு 15 நாளில் அதை அழுத்தாவிட்டால் சைட்டையே நிறுத்திவிடுவார்கள். ஆட்டோ ரெனியூவலையும் நம்பி உட்காராதீர்கள், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் கார்டில் தானாகப் பணம் போவது பல நேரம் தடைபடுகிறது. 10 வருடம் வரை சேர்த்தே கட்டலாம், முடிந்தவர்கள் அப்படிக் கட்டிவிடுங்கள்.