மறுமொழி: ஹார்ட் பிளாக் – ‘இதய அடைப்பு’ வேண்டாமே

வணக்கம்.

> ஹார்ட் பிளாக்குக்கு ‘இதய அடைப்பு’ போதுமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. மாரடைப்பு ஏற்கெனவே எல்லார் வாயிலும் புழங்கும் சொல். அது இதயத்தின் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருவது. ஈசிஜி அறிக்கையில் ‘இதய அடைப்பு’ என்று படிப்பவர், ஸ்டென்ட் வைக்கச் சொல்வார்களோ என்று பதறிப்போவார். ஹார்ட் பிளாக்கில் குழாய் எதுவும் அடைபடவில்லை. மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேருவதில்தான் சிக்கல்.

‘மின்தடை’யும் சரிவராது, இயற்பியலில் அது ஓம் கணக்கில் அளப்பது. என் பரிந்துரை ‘கடத்தல் தடை’. மின்கடத்தி, வெப்பக் கடத்தல் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே பழகியவை. ஆள்கடத்தல் நினைவுக்கு வரும் என்றால், முதல்முறை மட்டும் ‘மின்கடத்தல் தடை’ என்று எழுதிவிடலாம்.

அடுத்து, ஹார்ட் பிளாக்கின் வகைகள். ஈசிஜி தாளில் கண்ணுக்குத் தெரிவதையே பெயரும் சொன்னால் கற்பவருக்குப் பாதி வேலை முடிந்தது. முதல்நிலையில் உண்மையில் எதுவும் தடைபடுவதில்லை. நொடிக்கு 25 மி.மீ. ஓடும் தாளில் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, பி-ஆர் இடைவெளி (மேலறையின் தூண்டலைக் காட்டும் பி அலையின் தொடக்கம் முதல், கீழறையின் தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலைத்தொகுதியின் தொடக்கம் வரை) 5 கட்டத்தைத் தாண்டிவிடும், ஆனாலும் ஒவ்வொரு பி அலைக்கும் கியூஆர்எஸ் தவறாமல் வரும். அதனால் ‘கடத்தல் தாமதம்’ என்பதே பொருந்தும்.

இரண்டாம்நிலையில்தான் கவனம் வேண்டும். வென்க்கெபாக் வகையில் (மோபிட்ஸ் முதல் வகை) பி-ஆர் இடைவெளி 6 கட்டம், 8, 9 என நீண்டுகொண்டே போய், அப்புறம் ஒரு பி மட்டும் தனியே நிற்கும். பின்னால் கியூஆர்எஸ் இருக்காது. மோபிட்ஸ் இரண்டாம் வகையில் இடைவெளி மாறாமலே இருந்து, திடீரென ஒரு துடிப்பு விடுபடும். இது முழுத் தடையாக மாறக்கூடியது, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி வரை போவது. இரண்டையும் ‘பகுதித் தடை’ என்று ஒரே பெயரில் அடக்குவது ஆபத்து. ‘நீண்டு விடுபடல்’, ‘நீளாது விடுபடல்’ என்று பிரிக்கலாமா?

மூன்றாம்நிலைக்கு ‘முழுத் தடை’ போதும். பி அலைகள் ஒரு சீரில், கியூஆர்எஸ் வேறொரு மெதுவான சீரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஓடும்.

கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கொண்டுபோகும் இழைக்கற்றையின் ஒரு கிளை தடைபட்டு, கியூஆர்எஸ் 3 கட்டமோ அதற்கு மேலோ அகன்றிருக்கும் வகைக்கு ‘வலக்கிளைத் தடை’, ‘இடக்கிளைத் தடை’ என முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொற்கள். ஆனால் இதயத் தமனிக்கும் கிளைகள் உண்டே, பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும். ‘இடக் கற்றைக்கிளைத் தடை’ என்று நீட்டியே எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.