பிரெஞ்சுப் படம் பார்த்துப் பேச ஆள் வேண்டும்

வணக்கம். சின்ன உதவி.

பிரெஞ்சில் பி2 நிலைத் தேர்வு தேறிவிட்டேன், அடுத்து அதற்கு மேல்நிலையான டால்ஃப் சி1 தேர்வு எழுத ஆசை. செய்தி வாசித்தால் புரிகிறது, படம் போட்டால் பாதி காற்றோடு போகிறது. பாடப்புத்தகத்தில் 'ஜ ந ஸே பா'. படத்திலோ 'ஷே பா' என்று விழுங்கிவிடுகிறார்கள். நாம் 'தெரியவில்லை'யை 'தெர்ல' என்பது மாதிரிதான், ஆனால் காது பழகணுமே!

போன வாரம் 1995இல் வந்த 'லா ஏன்' (La Haine) படம் பார்த்தேன். பாரிஸ் புறநகர்ப் பையன்கள் வெர்லான் பேசுகிறார்கள், அதாவது சொல்லைத் திருப்பிப் போடும் கொச்சை. பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' 'மெஃப்' ஆகிறது, போலீஸைச் சொல்லும் 'ஃப்ளிக்' 'கெஃப்' ஆகிறது. பத்து நிமிடக் காட்சிக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஆங்கில சப்டைட்டில் போட்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது, காது தூங்கிவிடுகிறது.

மாதம் இரண்டு ஞாயிறு, சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஏதாவது காப்பிக்கடையில் உட்காரலாமா? படத்தை வீட்டிலேயே பிரெஞ்சு சப்டைட்டிலோடு பார்த்துவிட்டு வரணும். சந்திக்கும்போது ஒரே ஒரு காட்சியை எடுத்து, பிரெஞ்சிலேயே சண்டை போடணும். நான்கைந்து பேர் போதும். (கோப்பி என் செலவு, முதல் தடவை மட்டும்!)

புதுச்சேரியில் வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்த அண்ணன், அக்கா யாராவது இங்கே இருந்தால் பெரிய புண்ணியம், எங்கள் தப்பைத் திருத்த ஆள் வேண்டும். அப்புறம், கொச்சை குறைவாக, வசனம் நிறைய இருக்கிற படம் எதில் ஆரம்பிக்கலாம்?