திங்கள்சந்தை வீடு (குடும்பக் குழு): கிறிஸ்துமசுக்கு எந்தப் பெட்டி?

ஞாயிறு, இரவு 8:12

ஜெபின்: 24ஆம் தேதி காலையில பெங்களூர்லேருந்து வந்து நாகர்கோவில்ல எறங்குவேன். பையில ஒரு போர்டு கேம் பெட்டிக்குத்தான் எடம் உண்டு, நெருக்கினா ரெண்டு. எத எடுக்க? கேட்டான் (Catan), டிக்கெட் டு ரைடு, பாண்டெமிக், அசூல் நாலும் இங்க இருக்கு

லீலா பெரியம்மா: ஒண்ணும் வேண்டாம் மக்களே. நீ வந்தா போரும். போன வருசத்துச் சண்டை எனக்கு இன்னும் ஓர்மை இருக்கு

பெனிட்டா: கேட்டான் வேண்டவே வேண்டாம்

டேனி சித்தப்பா: ஏன் வேண்டாம்? கேம்னா அதுதான் கேம்

பெனிட்டா: உங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும் சித்தப்பா. எனக்க ரெண்டு வீடும் பகடை எண்ணு 6-லயும் 8-லயும்லா இருந்து. சரக்கு வராமத் தடுக்குக திருடனக் கொண்டு வந்து எனக்க 8 மேல உக்கார வச்சது ஆரு? முந்திரிக்கொத்து ரெண்டாவது தட்டு வந்த பிறகும் அவன் எழும்பல்ல

ராஜன் மாமா: ரெண்டு பகடை உருட்டினா 36 வகையா விழும். 7 வாறதுக்கு 6 வகை. 6-க்கும் 8-க்கும் தலா 5. 2-ம் 12-ம் ஒவ்வொண்ணுதான். கணக்குப்படி பெனிட்டா வீடு வச்ச எடம் சரி

பெனிட்டா: கணக்கு சரி மாமா. ஆறு விழல்லியே

ராஜன் மாமா: அதுதான் அதுக்க கொறை. ஒரு ஆட்டத்துல அறுவது எழுவது தடவ உருட்டுவோமா? சராசரி வந்து சேருகதுக்குள்ள ஒருத்தன் 10 புள்ளி எடுத்து கை கழுவப் போயிருவான்

டேனி சித்தப்பா: பேரத்த விட்டுட்டியளே. ஆட்டக் குடுத்து செங்கல் வாங்குக சுகம் வேற எதுல உண்டு? சந்தையில வாழக்குலைக்கு வெல பேசுக மாதிரி பேசி வாங்கினேன்

பெனிட்டா: அதுக்குப் பேரு பேரமா? "செங்கல் தரல்லன்னா காலேஜுக்கு பஸ்ல போ"ன்னுல்லா சொன்னிய

ஷீபா சித்தி: 😂😂 இவிய வீட்டுலயும் இப்பிடித்தான்

ஜெபின்: பேரம்தான் அதுக்க பலம், ஒத்துக்கிடுகேன். 1995-ல ஜெர்மனில வந்தது. அடுத்தவன் உருட்டும்போதும் நமக்கு சரக்கு வரும், வாய் ஓயாது, பாதியில ஒருத்தனையும் வெளிய தள்ளாது. ஆனா பெட்டியில 4 பேருக்குத்தான் வீடும் ரோடும் இருக்கு. நாம 11 பேரு

லீலா பெரியம்மா: மிச்ச ஏழு பேரும் அடுக்களையில எனக்கு தேங்கா திருவட்டும். கொள்ளாம், நல்ல கேம்

ஜெபின்: இன்னொண்ணு, சீட்டு எல்லாம் போன வருசம் அங்க உள்ள ஈரக்காத்துல அப்பளம் மாதிரி வளஞ்சு போச்சு. சரக்குச் சீட்டுல பாதிக்கு ஏத்தங்கா சிப்ஸ் எண்ண. ஆட்டுச் சீட்டு எதுன்னு திருப்பாமலே தெரியுது

ஷீபா சித்தி: எனக்கு அந்த ரயில் கேம், டிக்கெட் டு ரைடுதான். ரம்மி மாதிரி கலரு சேக்கணும், பாதையப் புடிக்கணும். அஞ்சு நிமிசத்துல வெளங்கிரும். ரியோ கூட ஆடினாம்லா, ஏழு வயசுல

கிறிஸ்டி அத்தான்: சித்தி, அந்தப் பேச்சே வேணாம். வான்கூவர்லேர்ந்து மாண்ட்ரியல் வரைக்கும் பாதை போட்டா 20 புள்ளி, அதான் என் டிக்கெட். டொராண்டோ வரைக்கும் வந்துட்டேன். அடுத்தது மூணே மூணு ரயில்பெட்டி வைக்கற பாதை. அதுல நீங்க ரயில விட்டுட்டீங்க. சுத்திப் போக எங்கிட்ட ரயிலே இல்ல

ஷீபா சித்தி: அது உங்க பாதைன்னு எனக்கு எப்பிடித் தெரியும் மாப்ளே

கிறிஸ்டி அத்தான்: வரவேண்டிய 20 வரல. போதாததுக்கு மைனஸ் 20. நாப்பது புள்ளி ஒரே மூச்சுல போச்சு சித்தி. அன்னிக்கு வட்டயப்பம் கூட எறங்கல

ராஜன் மாமா: பெரிய டிக்கெட் எடுத்தா அந்த ஆபத்து உண்டுதான். ஆனா ஒரு பெட்டிப் பாதைக்கு 1 புள்ளி, ஆறு பெட்டிப் பாதைக்கு 15. டிக்கெட்ட மறந்துட்டு நீளப் பாதையாப் புடிச்சே ஒருத்தர் ஜெயிக்கலாம். நான் அப்பிடித்தான் ஜெயிச்சேன்

பெனிட்டா: ஜெயிச்சிய. ஒரு மனுசனும் கை தட்டல்ல

பெனிட்டா: அம்மாச்சிகிட்ட கேட்டேன். குரல் செய்தி போட்டிருக்காவ, நான் எழுதுகேன்: "அமெரிக்காவுல உள்ள ஊருக்க பேரெல்லாம் எனக்கு என்னத்துக்கு? நம்ம பக்கம் ரயிலு வந்ததே 1979-ல. உங்க தாத்தா புதுச்சட்டயும் போட்டு என்னக் கூட்டிட்டுப் போய் காட்டினாரு. அந்த அட்டையில நம்ம ஊரு உண்டுமான்னு பாத்தேன். கிடையாது."

ஜெபின்: இந்தியா வரைபடம் தனியா விக்குகான் அம்மாச்சி. ஆனா ரயிலும் கலர் சீட்டும் பழைய பெட்டியிலேருந்துதான் எடுக்கணும். அதுவும் 4 பேருக்குத்தான்

லீலா பெரியம்மா: ஒரு பெட்டி வாங்கி, அதுக்கு இன்னொரு பெட்டியா? அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ நெய்மீன் வாங்கலாம்

இரவு 8:31

கிறிஸ்டி அத்தான்: பாண்டெமிக் கொண்டு வா ஜெபின். எல்லாரும் ஒரே கட்சி, நோயத்தான் ஜெயிக்கணும். சண்டைக்கே எடமில்ல. உலகத்துல 48 ஊரு போட்டிருக்கான், அதுல சென்னையும் உண்டு 😎

ஷீபா சித்தி: நான் வரல்ல. எட்டு மணி நேரம் வார்டுல நின்னுட்டு வந்து, வீட்டுலயும் மேசையச் சுத்தி காய்ச்சல் புடிச்ச ஊருக்கெல்லாம் ஓடணுமா? அதுவும் 2020-க்குப் பெறவு

டேனி சித்தப்பா: ஞாயந்தான்

பெனிட்டா: சண்டையில்லன்னு ஆரு சொன்னது? அதுல மாமா ஒருத்தருதான் ஆடுவாரு. "நீ டெல்லிக்குப் போ, கறுப்புக் கட்டைய எடு, அந்தச் சீட்ட அவளுக்குக் குடு." சீட்டு எனக்க கையில, ஆட்டம் மாமாவுக்க வாயில

ராஜன் மாமா: ஆலோசனைதான் சொன்னேன்

பெனிட்டா: என் முறையில நான் செஞ்ச ஒரே காரியம் சிப்ஸ் தின்னது

ஜெபின்: அது மாமா குத்தம் மட்டும் இல்ல, ஆட்டத்துலயே உள்ள ஓட்டை. ஒருத்தருக்கொருத்தர் மறைக்கதுக்கு ஒண்ணும் கிடையாது. அதனால விவரம் உள்ள ஒருத்தர் நாலு பேருக்கும் சேத்து முடிவெடுத்திருவாரு. ஒரே அளவு தெரிஞ்ச நாலு பேரு கூடினா அருமையான கேம்

ராஜன் மாமா: "விவரம் உள்ள"ன்னு சொன்னதுக்கு நன்றி

லீலா பெரியம்மா: அம்மாச்சி ஆடினது ஏதுடே? அந்தக் கலர் கல்லு

ஜெபின்: அசூல். போர்ச்சுகல் நாட்டுச் சொவர்ல ஒட்டுக ஓட்டுக்கல்லு மாதிரி. அதுல வாசிக்கதுக்கு ஒரு எழுத்து கிடையாது. தட்டுத் தட்டா நாலு நாலு கல்லு கெடக்கும். ஒரு கலர எடுத்தா, அந்தத் தட்டுல உள்ள அந்தக் கலரு முழுக்க எடுக்கணும், மிச்சத்த நடுவுல தள்ளணும். நடுவுல குமிஞ்சு கெடக்கத ஆரு தலையில கட்டுகதுன்னுதான் ஆட்டமே

டேனி சித்தப்பா: எனக்க தலையில

ஜெபின்: 😂 சித்தப்பா நீங்களே சொல்லுங்க

டேனி சித்தப்பா: கடைசியில நடுவுல ஆறு செவப்பு. எனக்கு ஒண்ணு வைக்கதான் எடம் இருந்து. வேற எடுக்க ஒரு கல்லு கிடையாது. அம்மாச்சி கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, "எடுங்க மருமவனே, எல்லாம் உங்களுக்குத்தான்"ன்னாவ. மிச்ச அஞ்சும் பலகையில 'தரை'ன்னு உள்ள தண்டனை வரிசையில. 1, 1, 2, 2, 2. மொத்தம் எட்டு புள்ளி கொறஞ்சுது

ஷீபா சித்தி: எங்க அம்மா உங்களுக்கு ஒண்ணுமே தரல்லன்னு இனிமே சொல்லப்பிடாது

பெனிட்டா: அம்மாச்சி: "கல்லு கையில நல்லா இருக்கு. சோழி மாதிரி. சத்தமும் கொள்ளாம்."

ராஜன் மாமா: அசூல்ல எனக்கு ஒரு கொறை. பேச்சே கிடையாது. ஆளாளுக்கு தலையக் குனிஞ்சு அவனவன் பலகையப் பாத்துட்டு இருக்கணும். துட்டி வீடு மாதிரி

பெனிட்டா: நீங்க யோசிக்கதுக்குள்ள நான் போய் சாயா போட்டு, குடிச்சு, கிளாசும் கழுவிட்டு வந்தேன் மாமா. பெறவு பேச்சு எங்க இருக்கும்

ஜெபின்: இதுலயும் 4 பேருதான். அதோட நம்ம பெட்டியில நீலம் ஒண்ணு கொறவு. அஞ்சு கலர்ல 20 வீதம் 100 இருக்கணும். போன கிறிஸ்துமசுக்குப் பெறவு 99. தொலைஞ்சதுக்குப் பதிலா அம்மாச்சி குடுத்த புளியங்கொட்டைய நீல மையில முக்கிப் போட்டிருக்கேன். பையில கைய விட்டாலே தட்டுப்படும்

கிறிஸ்டி அத்தான்: அப்ப மிச்சம் ஏழு பேர் என்ன பண்றது?

ஜெபின்: அதுக்கு கோட்நேம்ஸ். ரெண்டு கட்சி, எத்தன பேரு வேணா சேரலாம். 25 வார்த்தைய பரத்தி வைக்கணும். தலைவர் ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும் மட்டும் சொல்லுவாரு. அத வச்சு நம்ம கட்சி வார்த்தையெல்லாம் கண்டுபுடிக்கணும். கறுப்பு வார்த்தையத் தொட்டா அங்கயே தோல்வி. கொறை என்னன்னா, என்கிட்ட உள்ளது இங்கிலீஷ்

ஷீபா சித்தி: அதுக்கு எதுக்குப் பெட்டி? பழைய காலண்டர் அட்டைய வெட்டி தமிழ்ல எழுதினாப் போச்சு. நான் எழுதுகேன்

பெனிட்டா: இப்பமே ஒண்ணு ஆடிப் பாப்போம். வார்த்தை: உப்பு, பாலம், சங்கு, காமராஜர், பனை, தண்ணி, கப்பல், மணி. சித்தி, எது எதுன்னு தனியா அனுப்புகேன், துப்பு சொல்லுங்க

ஷீபா சித்தி: மாத்தூர், 3

லீலா பெரியம்மா: தண்ணி, பாலம், காமராஜர்

பெனிட்டா: சரி!! பெரியம்மா ஒரு நிமிசம் கூட எடுக்கல்ல

கிறிஸ்டி அத்தான்: இருங்க இருங்க. மாத்தூர்னா மாதவரம் பக்கத்துல இல்ல? அங்க எங்க காமராஜர்? நான் கப்பல்னு நெனச்சேன், துறைமுகம் பக்கம்தானே

டேனி சித்தப்பா: 🤣🤣🤣

ராஜன் மாமா: மாப்ளே, இது மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரம், தண்ணி மேல ஓடும். காமராஜர் போட்ட திட்டம், முடிஞ்சது 1966-ல. கல்யாணம் ஆன புதுசுல உங்களக் கூட்டிட்டுப் போனோம்லா

கிறிஸ்டி அத்தான்: ஓ, நான் நடுவுல நின்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு கண்ண மூடின பாலமா

ஜெபின்: இதுதான் இந்த கேமுக்க பலமும் பலவீனமும். ஒரே வீட்டுல வளந்தவங்களுக்கு லட்டு மாதிரி. வந்து சேந்தவங்க முழிக்கணும். அத்தான் இருக்க கட்சிக்கு பெரியம்மா தலைவரா இருக்கட்டும்

கிறிஸ்டி அத்தான்: அது எனக்கு ஒதவியா, தண்டனையா?

லீலா பெரியம்மா: அப்பம் அசூல் ஒண்ணு போரும். மத்தது காலண்டர் அட்டை. ஆனா மேசையில சிப்ஸ் கிடையாது. தின்னுகவங்க திண்ணைக்குப் போய் தின்னுட்டு, கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வரணும். டேனிக்கும் சேத்துதான்

டேனி சித்தப்பா: கேட்டானுக்கு ஒரு ஓட்டு கூடவா இல்ல

பெனிட்டா: இல்ல

இரவு 9:04

லீலா பெரியம்மா: 📷 படம்

லீலா பெரியம்மா: குடில் சாமான் எறக்கி தொடச்சுட்டு இருக்கேன். இது என்னதுன்னு பாரு ஜெபின். ஆட்டுக்குட்டிக்கு முன்னால வைக்கோல்ல ஒட்டி வச்சிருக்கு. நீலம்

ஜெபின்: ஐயோ பெரியம்மா அதுதான்!! நூறாவது கல்லு

பெனிட்டா: ரியோவ எழுப்பிக் கேட்டேன். ஆட்டுக்குக் குடிக்க தண்ணி இல்லன்னு வச்சானாம்

லீலா பெரியம்மா: பேத்து எடுக்கவா? பசை போட்டிருக்கான், பலமா இருக்கு

பெனிட்டா: அம்மாச்சி: "வேண்டாம் மக்களே, ஆடு குடிக்கட்டும். எனக்கு புளியங்கொட்டை போரும்."

ராஜன் மாமா: அது பையில கை விட்டா தெரியும்னு ஜெபின் சொன்னாம்லா

பெனிட்டா: அம்மாச்சி சிரிக்காவ மாமா