ஐந்து சீட்டில் ஏஸ்: சேர்வாக எண்ணுவதா, வரிசையாக எண்ணுவதா?

வரிசைக்கட்சி:
நிகழ்தகவுக் கணக்கில் சேர்வை, அதாவது வரிசை பார்க்காமல் எண்ணும் தொகுப்பை, கொண்டுவந்தாலே வம்புதான். 52 சீட்டில் 5 எடுக்கிறோம், ஒரு ஏஸாவது வர வேண்டும். பலர் போடும் கணக்கு: 4 ஏஸில் ஒன்று, மீதி 51இல் ஏதாவது 4. அதாவது 4 × 249900 = 999600. அதை 52சி5ஆல் (52 சீட்டில் 5ஐ வரிசை பார்க்காமல் எடுக்கும் வழிகள்), 2598960ஆல், வகுத்தால் 0.3846. சரியான விடை 0.3412. ஒவ்வொரு சீட்டாக வரிசையில் எடுங்கள்: 1 − (48/52 × 47/51 × 46/50 × 45/49 × 44/48). குழப்பமே இல்லை.

எண்சுவடி:
தப்பு சேர்வில் இல்லை, ஒரே கையை (எடுத்த 5 சீட்டை) பலமுறை எண்ணியதில் இருக்கிறது. ஸ்பேடு ஏஸும் ஹார்ட் ஏஸும் உள்ள கையை எடுங்கள். ஸ்பேடு 'தேர்ந்த ஏஸ்', ஹார்ட் 'மீதி' என்று ஒரு தடவை. மாற்றி இன்னொரு தடவை. பிரித்துப் பார்த்தால்:

சரியாக 1 ஏஸ்: 778320
2 ஏஸ்: 103776
3 ஏஸ்: 4512
4 ஏஸ்: 48

கூட்டினால் 886656, அதை வகுத்தால் உங்கள் 0.3412. இதே எண்களை முறையே 1, 2, 3, 4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், 999600 அப்படியே வரும். 0.3846 என்பது 5/13. கையில் சராசரியாக எத்தனை ஏஸ் இருக்கும் என்ற வேறொரு கேள்விக்கு அதுதான் விடை!

வரிசையில் எண்ணினால் இது வராது என்கிறீர்களே? ஏஸுக்கு 5 இடத்தில் ஒன்று, 4 ஏஸில் ஒன்று, மற்ற இடங்களுக்கு 51 × 50 × 49 × 48. இதை 52 × 51 × 50 × 49 × 48ஆல் வகுத்தால் 20/52. அதே 0.3846.

வரிசைக்கட்சி:
சரி, பகடைக்கு வாருங்கள். மூன்று பகடையில் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்வு: 126, 135, 144, 225, 234, 333. 10க்கும் ஆறு: 136, 145, 226, 235, 244, 334. சேர்வை நம்பினால் இரண்டும் சமம். உண்மையில் 216இல் 9க்கு 25, 10க்கு 27. கலிலியோவே உட்கார்ந்து எழுதித் தீர்த்த கணக்கு இது.

எண்சுவடி:
அங்கே நீங்கள் சொல்வது சரி, ஆனால் காரணம் வேறு. பகடையில் எண் திரும்ப வரலாம். 234 ஆறு வரிசையில் விழும், 144 மூன்றில், 333 ஒன்றில்தான். எல்லாச் சேர்வுக்கும் சம வாய்ப்பு இல்லாததால் அவற்றை வகுஎண்ணாகப் போடக் கூடாது. சீட்டைத் திரும்ப வைக்காமல் எடுக்கும்போது ஒவ்வொரு கைக்கும் சரியாக 120 வரிசை. மேலும் கீழும் அடிபட்டுப்போகும்.

மீதி_பூஜ்ஜியம்:
இருவரும் தொடாத இடம் ஒன்று. இரண்டு ஜோடி (ஒரு மதிப்பில் இரண்டு, வேறு மதிப்பில் இரண்டு, தனியாக ஒன்று): 13 × 6 × 12 × 6 × 44 = 247104 என்று எழுதினால் இரண்டு மடங்கு. ராஜா ஜோடியும் ஏழு ஜோடியும் ஒரே மாதிரிப் பங்கு வகிப்பதால் எது முதல் என்பதே கிடையாது. 2ஆல் வகுத்து 123552. ஃபுல் ஹவுஸில் (மூன்று ஒரே மதிப்பு, கூடவே ஒரு ஜோடி) 13 × 4 × 12 × 6 = 3744. இதை வகுக்கக் கூடாது. மூன்று ராஜா இரண்டு ஏழு வேறு கை, மூன்று ஏழு இரண்டு ராஜா வேறு கை.

வரிசைக்கட்சி:
அதைத்தான் சொல்கிறேன். எப்போது வகுப்பது என்று யோசிக்க வேண்டிய முறையைவிட, யோசிக்காமல் போகிற முறை நல்லது.

எண்சுவடி:
வரிசையில் போனாலும் இரண்டு ஜோடிக்கு எந்தெந்த இடத்தில் எந்த ஜோடி என்று பிரிக்கத்தானே வேண்டும்? யோசிக்காமல் எங்கும் தப்ப முடியாது. சூத்திரத்தில் சந்தேகம் வந்தால் கட்டைச் சுருக்கிப் பாருங்கள்: 2 ஏஸ், 2 ராஜா, மொத்தம் 4 சீட்டு, 2 எடுக்கிறோம். தப்பான சூத்திரம் 2 × 3 = 6 கை, அதாவது 6/6, ஏஸ் வந்தே தீரும் என்கிறது. இரண்டும் ராஜாவாக ஒரு கை இருக்கிறதே! ஆறு கையையும் எழுதிவிடலாம், விடை 5/6.